ஏழரை

எண்ணச் சொன்னார்கள்.
அவ்வளவுதான் என் வேலை.
போலந்தின் கிழக்கே, தாங்குருளை செய்யும் ஒரு சின்ன ஊர்,
மருந்துக்கடை மாடியில் ஒரு ஜன்னல்,
கட்டம் போட்ட நோட்டு, பென்சில்,
கால்களுக்கு நடுவே மின்கணப்பு.

மாலை ஏழரைக்குத் தொலைக்காட்சியில் செய்தி.
டிசம்பரிலிருந்து ராணுவ உடுப்பில் வாசிக்கிறார்கள்,
கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு,
நாடெங்கும் அமைதி என்று.

ஏழரைக்குக் கதவுகள் திறந்தன.
யாருக்கு ஏழரை என்று
அப்போது தெரியவில்லை.

முதல் நாள் நாற்பத்தொரு பேர்.
லிபோவா தெருவில் மேலும் கீழும்.
கோஷம் இல்லை, கொடி இல்லை.
நாய் வைத்திருந்தவர்கள் நாயோடு வந்தார்கள்,
இல்லாதவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நாய்க்குப் பின்னால் நடந்தார்கள்.
கேட்டால் காற்று வாங்க என்றார்கள்,
மைனஸ் பதினான்கில்.

இரண்டாம் நாள் நூற்றெழுபது.
டிவிப் பெட்டிகளைத் தூக்கி
திரை தெருவைப் பார்க்க
ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.
ஆளில்லாத வீடுகளிலிருந்து
வரிசையாக அத்தனை ராணுவ உடுப்புகளும்
பனிக்குச் செய்தி வாசித்தன.

எந்தப் பிரிவில் பிடிப்பது என்றார் காப்டன் ருட்னிட்ஸ்கி.
புத்தகத்தைப் புரட்டினோம்.
ஊர்வலம் என்றால் முன்னால் ஒருவன் வேண்டும்.
இவர்கள் தெருமுனையில் திரும்பித் திரும்பி வந்தார்கள்,
முதல் ஆளே கடைசி ஆளாக.

பல் டாக்டர் ஓல்ஷெவ்ஸ்காவின் கோட்டுக் காலரில்
ரேடியோவிலிருந்து கழற்றிய ஏதோ ஒன்று,
இரண்டு கம்பி மீசையோடு, பட்டாணி அளவு.
அதன் பெயரே தடை.
அதை எப்படி அறிக்கையில் எழுதுவது?
'உதிரிப் பாகம், ஒன்று'
என்று எழுதினேன்.
ரொட்டிக்கடை போகுமிவ் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும்
என் ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.
மரியாதையாகத்தான்.

நான்காம் நாள்
கூட்டத்துக்குள் ஒரு கீச்சுச் சத்தம்.
குழந்தை வண்டி. இடப்பக்கப் பின்சக்கரம்.
நான் கம்பி சுற்றிச் சரிசெய்த சக்கரம்.
எங்கள் யூலெக் நடக்கத் தொடங்கியதும்
நிலவறையில் போட்டுவைத்த வண்டி.

உள்ளே போர்வை போர்த்தி
எங்கள் டிவி.
பதினொரு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது,
தவணை இன்னும் ஐந்து பாக்கி.

யாரோ குனிந்து கேட்டார்களாம்,
தூங்குகிறானா?
எங்கே, ஒரே பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தான்,
அதான் வெளியே கூட்டி வந்தேன்
என்றாளாம் டேக்லா.
மாடிக்கு இதெல்லாம் கேட்கவில்லை.
சிரிப்பு மட்டும் தெருவில் ஓடியது,
ஜனவரி முழுக்க ஒருவர் வாயிலும் வராத சிரிப்பு.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
ரப்பரை எடுத்து அழித்தேன்.
முந்நூற்றுப் பதினொன்று.
என் முதல் தேசத்துரோகம்
ஒரு கழித்தல் கணக்கு.

வீட்டில் பீட்ரூட் சூப் சூடாக இருந்தது.
டிவி அதன் இடத்தில் இருந்தது,
அடியில் மட்டும் உருகிய பனி
மேஜை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
குளிரா வெளியே, என்றேன்.
நல்ல காற்று, என்றாள்.
உப்பை என் பக்கம் தள்ளினாள்.

அந்த வாரமே ஊரடங்கை ஏழு மணிக்கு இழுத்தார்கள்.
ஐந்து மணிக்கு ஒரு செய்தி உண்டு.
ஐந்து மணிக்கு நடந்தார்கள்.
ஐந்து மணிக்கு இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது,
என் ஜன்னலிலிருந்து
முகம் முகமாகத் தெரிந்தது.
இருநூற்றைம்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை.
பென்சில் முனை மழுங்கிவிட்டது என்றேன்.
காப்டன் ஒரு கூராக்கி கொடுத்தார்.

ஒரு ராத்திரி எழுந்து நிலவறைக்குப் போய்
அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன்.
யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கட்டும் என்றா,
நான் பார்க்காமல் இருக்கட்டும் என்றா,
எனக்கே தெரியாது.

மறுநாள் ரொட்டி அறுத்துக்கொண்டே
டேக்லா கேட்டாள்:
எதற்கு எண்ணெய் விட்டாய்?
அந்தச் சத்தம் வந்தால்தானே
மேலே ஜன்னலில்
நீ எழுந்து நிற்பாய்.